பதினேழு

ஒன்பதாம் நாளும் டோக்கன் நகரவில்லை.
கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்துக் களத்தில்
எங்கள் குறுவை நெல்
தார்ப்பாய்க்கு அடியில் புழுங்கிக்கொண்டு கிடந்தது.
கையை விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி.

சாப்பாட்டுத் தூக்கோடு நான் போனபோது
இவர் சேற்றில் மண்டியிட்டு
தார்ப்பாய்க்குள் தலையை விட்டிருந்தார்.
முளை விட்டிருச்சா, என்றேன்.
இல்ல, கத்துது, என்றார்.

நெல் கத்துமா?

யூரியா சாக்கு. வாயைச் சணலால் கட்டியிருந்தது.
ராத்திரி யாரோ வண்டியை நிறுத்தி வீசிவிட்டுப் போனது
எங்கள் மூட்டையோடு மூட்டையாகக் கிடந்திருக்கிறது.
உள்ளே மூன்று.
இரண்டைப் பற்றி வேண்டாம்.
இவர் மண்வெட்டியோடு வாய்க்கால் கரைக்குப் போய் வந்தார்,
வந்து வெகுநேரம் தூக்கைத் திறக்கவில்லை.

மூன்றாவது, கண் திறந்து நாலு நாள் இருக்கும்.
உடம்பெல்லாம் சாம்பல், ஒரு காது மட்டும் மஞ்சள்,
வேறு பூனையிடம் கடன் வாங்கியது போல.

வீட்டுக்கு ஆகாது, சொல்லிட்டேன்.
வளையல் சொசைட்டியில் இருக்கிறது.
மாட்டை விற்று இரண்டு வருஷம்,
பாலைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.
இதில் இன்னொரு வாயா?
வீட்டுக்கு யாரு கொண்டாரப் போறா,
நெல்லு போற வரைக்கும் இங்க கிடக்கட்டும்
என்றார், அதைக் குவியலின் சூட்டில் வைத்தபடி.
நெல்லைக் கெடுத்துக்கொண்டிருந்த சூடு
அதன் நடுக்கத்தை நிறுத்தியது.

பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்த தர்ஷிகா
இங்க் ஃபில்லரை ஏழு தடவை கழுவினாள்.
டீக்கடைப் பாலில் தண்ணீர் கலக்கணுமே என்றாள்.
கலந்துதான் இருக்கும், கொடு, என்றேன்.

பதினோராம் நாள் மீட்டர் வந்தது.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல எடுக்க முடியாதும்மா,
ஈரம் ஜாஸ்தி, காய வைங்க.
எந்த வெயிலில்?
அரை மணி நேரம் எட்டிப் பார்க்கும்,
ஓடி விரிப்போம்,
தூறும், ஓடி அள்ளுவோம்.
பதினேழு வந்துருச்சா, பதினேழு வருமா,
பதினேழு வந்தாப் போதும் சாமி...
நாள் முழுக்க நாங்கள் புலம்பியதில்
தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று
அது தலையைத் தூக்க ஆரம்பித்தது.

சுமை தூக்கும் லூர்துசாமி
அதைத் தராசில் வைத்தான்.
நாற்பது கிலோ மூட்டை நிறுக்கும் தராசு,
எண் அசையவே இல்லை.
கணக்குல வராதுய்யா, எடு எடு,
என்றார் பில் போடுகிறவர், சிரிக்காமல்.

பதினாலாம் நாள் பதினாறு புள்ளி எட்டு.
நூற்றுப் பன்னிரண்டு மூட்டை
சாயங்காலத்துக்குள் லாரி ஏறியது.
களம் வெறும் தரையானது.
டீக்கடைக்காரர் வைத்துக்கொள்கிறேன் என்றார்.
நல்ல மனுஷன், கல்லாவுக்குக் கீழே அட்டைப்பெட்டிகூட வைத்தார்.
தர்ஷிகா அழவில்லை.
அழுதிருந்தால் திட்டியிருப்பேன்,
மனசு லேசாகியிருக்கும்.

வெட்டாற்றுப் பாலத்தில்
வண்டியை நிறுத்தச் சொன்னது நான்தான்.
இங்க் ஃபில்லரை அங்கேயே விட்டுட்டோம், என்றேன்.
அஞ்சு ரூபாய் ஃபில்லர்.
இவர் ஒரு வார்த்தை பேசவில்லை,
வண்டியைத் திருப்பினார்.
முதுகு மட்டும் குலுங்கியது.
சிரிப்புதான்.

பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை.
மடித்து வைத்த தார்ப்பாய் மேல்
பதினேழு தூங்குகிறது.
சம்பா அறுப்புக்குள் அதை எழுப்பியாக வேண்டும்.
எலி பிடிக்கும், வச்சுக்கலாம் என்று
நான்தான் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.
நேற்று ராத்திரி பத்தாயத்துப் பக்கம்
எலி ஒன்று ஓடியது.
பதினேழு பாய்ந்து வந்து
என் புடவைக்குள் புகுந்துகொண்டது.