இணையான அனுபவம்

ப்யூட் நகரம், மொன்டானா. பிப்ரவரி.
ஹீட்டர் இருமிக்கொண்டே இருக்கும் அலுவலகத்தில்
நான்காம் மேசை என்னுடையது.
பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு
அரசாங்க விண்ணப்பம் எழுதித் தருவது பிழைப்பு.
நானும் எட்டு வருஷம் கப்பலில்
வெங்காயம் நறுக்கியவன்தான்.
‘பெருந்திரள் உணவு மேலாண்மை’ என்று
எனக்கு நானே எழுதிக்கொண்டதில் கிடைத்தது
இந்த நாற்காலி.

கோரின் ஹாவ்லிச் வந்தாள்.
தொப்பியைக் கழற்றவில்லை.
வனத்துறையின் தீயணைப்புக் கிடங்கில் கணக்கர் வேலை:
ரப்பர் குழாய், மண்வெட்டி, கூடாரம்,
போனது எத்தனை, திரும்பியது எத்தனை.
வெள்ளி நள்ளிரவோடு கெடு முடிகிறது.

ராணுவத்தில் என்ன வேலை என்றேன்.
“பாக்கெட்டுகளைக் காலி செய்வது.”

சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள்
அவளே சொன்னாள்:
பெட்டியில் வீடு திரும்புகிறவர்களின் பாக்கெட்டுகள்.
ஒரு கூடாரம், வெள்ளை விளக்கு, இரண்டு பேர்.
ஒருத்தி எடுத்துச் சொல்ல, ஒருவன் எழுத.
சூயிங்கம் காகிதம், ஒன்று.
சாவி, இரண்டு. எந்தக் கதவுடையது, தெரியாது.
மடித்த கடிதம், ஒன்று. பிரிக்கக் கூடாது.
தங்க மோதிரம் என்று சொல்லக் கூடாது,
மஞ்சள் நிற உலோக வளையம்.
“தங்கம்தானா என்று நமக்கெப்படித் தெரியும்?”

ஒரு கைக்கடிகாரம்
தினம் காலை ஐந்தே முக்காலுக்கு
கூவிக்கொண்டிருந்ததாம்.
நிறுத்தக் கூடாது.
வந்தது வந்தபடியே போக வேண்டும்.
பதினோரு நாள்
அலமாரிக்குள்ளிருந்து அது
யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தது.

திரையில் கட்டம் காத்திருந்தது:
இணையான சிவில் பணி அனுபவம்,
முந்நூறு எழுத்துகளுக்குள்.
‘சரக்கு இருப்புப் பதிவு’ என்று அடித்தேன்.
“சரக்கு இல்லை” என்றாள்.
அழித்தேன்.
‘தனிநபர் உடைமைகளைப் பட்டியலிடுதல்.’
கொஞ்ச நேரம் பார்த்தாள். “இருக்கட்டும்.”
பட்டியலில் பிழைகள் எத்தனை?
“ஒன்றுமில்லை.”
அதைச் சொன்னபோது மட்டும்
தொப்பி நெற்றியை விட்டு ஓரங்குலம் மேலே போனது.

உடல்குறை முப்பது சதவீதம், முன்னுரிமை உண்டு.
எதனால் என்ற இடத்தை
விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு
அவளே நிரப்பினாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
செப்புச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம்,
அதன் மேல் பனி,
பனியின் மேல் ஒரு காகம்.
நிறைய நேரம் காகத்தையே பார்க்க வேண்டியிருந்தது.

மார்ச்சில் பதில் வந்தது.
தகுதி உண்டு.
பரிந்துரை இல்லை.
அதிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
யந்திரம் அனுப்பியது; அதற்கு
பதில் எழுத முடியாது.

எனக்குத்தான் கோபம் வந்தது.
ஸ்டேப்ளரை ஓங்கி வைத்ததில்
பின் எல்லாம் சிதறிப்போயின.
கோரின் குனிந்து பொறுக்கினாள்,
உதடு அசைய எண்ணியபடி.
“அடுத்தது எது?”

ஹெலினாவில் ஒன்று இருந்தது,
கணவாய் தாண்டி ஒன்றேகால் மணி நேரம்:
மாநில வருவாய்த் துறை,
உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவு.
பூட்டிக் கிடக்கும் வங்கிப் பெட்டகங்களைத் திறந்து
உள்ளே இருப்பதை எழுதி வைத்து
சொந்தக்காரரைத் தேட வேண்டும்.

“உயிரோடிருப்பவர்களையா?”

சிலரை, என்றேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
முந்நூறு எழுத்துகளையும் மறுபடி படித்தாள்,
ஒரு காற்புள்ளியை எடுத்தாள்,
திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.
அனுப்பு என்பதை அழுத்தினாள்.

எழுந்து கதவு வரை போனவள் நின்றாள்.
கோட்டுக்குள் கை விட்டு
ஒவ்வொன்றாய் என் மேசையில் வைத்தாள்:
பேருந்துச் சீட்டு. பாதி தின்ற இருமல் மிட்டாய்.
பிப்ரவரியில் கையெழுத்துப் போட வாங்கிய
என் பேனா.

மற்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.
“பேனா, ஒன்று” என்றாள். “நீல நிறம்.
மூடி இல்லை. வரும்போதே இல்லை.”

எழுதிக்கொண்டேன்.