இழுத்துப் பார்

தட்டினா எரியுதும்மா, என்றார் திம்மராயன்.
ஒரு வேகத்தடையில் அணையும்
அடுத்த வேகத்தடையில் தானே வரும்.
நடுவிலிருக்கும் இருட்டைப்
பழக்கத்தில் ஓட்டிவிடுவாராம்.

ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
மாங்காய் லாரிகள் நகராமல் நின்றன.
ஆம்னியில் பின்சீட்டு இல்லை,
அந்த இடம் முழுக்கப் பட்டுக்கூட்டு வாசனை.
ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பினால்தான்
தருமபுரி ஏலத்தில் முன்வரிசை.
கூட்டுக்குள் இருப்பது
யாருக்காகவும் காத்திருக்காது.

முன்பக்கம் கழற்றி
வலது விளக்குக்குப் போகும் வயரை
விரலால் தடவிக்கொண்டே போனேன்.
ஓரிடத்தில் தடித்திருந்தது.
கறுப்பு டேப். பிரித்தால் சிவப்பு டேப்.
அதற்கும் உள்ளே
பால் பாக்கெட்டின் நீலத் துண்டு.
அதற்குள்
முறுக்கிக்கொண்டு கிடந்தன இரண்டு முனைகள்,
பச்சைக் களிம்பேறி.

தோலில் பல் தடம்.
யாரப்பா நீ?
மழையா அன்றைக்கு?
தொப்பூர் இறக்கமா?
செல்போன் வெளிச்சத்தை யார் பிடித்தது?
எப்படியோ வீடு சேர்த்திருக்கிறது உன் முறுக்கு.
அதற்காக ஒரு நொடி நிறுத்தினேன்.
பிறகு வெட்டினேன்,
களிம்பு தீர்ந்து
செம்பு சிவக்கிற இடம் வரை.
நான்கு விரற்கடை போயிற்று.

சூளகிரிப் பக்கம் கம்பெனியில் ஏழு வருடம்.
ஷிப்டுக்கு ஆயிரத்து எண்ணூறு முனைகள்,
எந்த ஊர்க் காருக்கென்று தெரியாது.
குவாலிட்டி வனஜாட்சி
நடுநடுவே ஒன்றை எடுத்து மிஷினில் இழுப்பாள்.
அறுந்தால் பாஸ்.
கழன்றால் ஃபெயில்.
முதல் வாரம் இது எனக்குப் புரியவில்லை.

ஆறு மில்லிமீட்டர் உரித்தேன்.
இழைகளை எண்ணினேன், பதினாறு.
ஒன்றுகூட அறுபடவில்லை.
டெர்மினலுக்கு இரண்டு ஜோடிச் சிறகுகள்:
முன்னது செம்பைப் பிடிக்கும்
பின்னது தோலைப் பிடிக்கும்.
பார்ப்பவர்களெல்லாம் முன்னதையே பார்ப்பார்கள்.
குலுக்கலைத் தாங்குவதோ பின்னது.

ஈயம் வைக்கலையா, கெட்டியா இருக்குமே
என்று எட்டிப் பார்த்தார்
பக்கத்து ரேடியேட்டர் கடை இத்ரீஸ் பாய்.
கெட்டிதான் பாய்.
கெட்டி எங்கே முடிகிறதோ
அந்த இடத்தில்தான் ஒடியும்,
ஆடிக்கொண்டே ஓடுகிற வண்டியில்.

பி.எஃப். பணம் வந்ததும்
முதலில் வாங்கியது இந்தக் கிரிம்பரை.
பல் பல்லாக இறங்கும்.
பாதியில் கை தளர்ந்தாலும் வாய் திறக்காது,
முழுக்க அழுத்தி முடித்தால்தான் விடும்.
டிக். டிக். டிக்.
விட்டது.

இழுத்தேன்.
கையோடு வந்துவிட்டது.

வயருக்குப் பெருத்த டெர்மினல்.
டப்பாவைப் பார்க்காமல் எடுத்தது நான்தான்.
பாய் ஒன்றும் சொல்லாமல் பாலத்தைப் பார்த்தார்.
நானும் கொஞ்சம் பார்த்தேன்.

சரியான அளவில் இன்னொன்று.
இழுத்தேன். வரவில்லை.
திம்மராயனை இழுக்கச் சொன்னேன்.
கூட்டை எடுக்கிற விரலால்
நோகாமல் தொட்டார்.
அப்படியில்லைங்க,
வராத மாட்டை இழுக்கிற மாதிரி.
இழுத்தார்,
பல்லைக் கடித்துக்கொண்டு.
வண்டிதான் லேசாக அசைந்தது.

மாட்டி, மூடி, சுவிட்சைப் போட்டதும்
எதிர் லாரியின் தார்ப்பாயில்
மஞ்சளாய் ஒரு வட்டம்.
பம்பரில் ஓங்கி உதைத்தேன்.
வட்டம் ஆடியது, அணையவில்லை.

தட்டாமலே எரியுதே, என்றார்
பாதி நம்பி.
இருநூற்றைம்பது என்றேன்.
ஒத்தை வயருக்கா, என்றார்.

பதில் சொல்ல நிமிரவில்லை.
இடது விளக்கு வயரைத் தடவிப் போன விரல்
அங்கேயும்
ஒரு தடிப்பில் நின்றிருந்தது.
மணி ஆறே முக்கால்.
கட்டர் எங்கே என்று
தரையைத் துழாவினேன்.