சின்ன அளவு, நான்கு

துறைத் தலைவராகி
நான் போட்ட முதல் கையெழுத்து
ஈய அங்கிக்கு.
சின்ன அளவு, நான்கு.

பூபாலன் கோப்பைத் திரும்பக் கொண்டுவந்தார்.
"லிஸ்ட்ல ஒரே சைஸ்தான் மேடம்,
இத்தினி வருசமா அதான்."

இத்தனை வருசமாக
அந்த ஒரே சைஸ் என் தோளில் தொங்கியது,
அக்குள் பக்கம் வாயைப் பிளந்துகொண்டு.
கதிர் அந்த வழியாகத்தான் நுழையும், மார்புக்கு.
நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுவேன்.
இதைப் பூபாலனிடம் எந்தப் படிவத்தில் எழுதுவது?

காசிமேட்டில் ஏலம் முடிந்த கையோடு
தேசம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.
மூன்று நாளாக முதுகு, தாடை, மூச்சு.
"கேஸுன்னாங்க. சோடா குடிச்சேன்."
மருந்துக்கடையில் சொன்னது,
தெருமுனை கிளினிக்கில்
ஈசிஜி எடுக்காமலே சொன்னது.
இதே வலி அவள் புருஷனுக்கு வந்திருந்தால்
அரை மணியில் அவன் நெஞ்சில் ஒயர் ஒட்டியிருக்கும்.

மேசையில் படுத்தபடி என்னைப் பார்த்தாள்.
"டாக்டரு எப்ப வருவாரு சிஸ்டர்?"

இருபத்திரண்டு வருசமாகக் கேட்கிற கேள்வி.
முன்பெல்லாம் திருத்துவேன்.
இப்போது ஊசி மணிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.
ஷாஹிதாதான் சொன்னாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"வந்துட்டாங்கம்மா.
உங்க கையத்தான் புடிச்சினு நிக்கிறாங்க."

அடைப்பு, கொருக்குப்பேட்டை கேட் போட்டது மாதிரி.
இந்தப் பக்கம் அத்தனை ஹாரன்,
அந்தப் பக்கம் காலி ரோடு.
பலூன் விரிந்தது.
கேட் ஏறியது.
தேசம்மாவுக்கு வியர்வை நின்றது.

அங்கியைக் கழற்றும்போது ஷாஹிதா தயங்கினாள்.
"மேடம், பத்து வாரம்."

என் வாய்க்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது:
'இப்பவா? எக்கோ ரூம் இருக்கே,
ஏசி, உக்காந்த வேலை.'
என்னுடையதில்லை அது.
என்னிடம் ஒருவர் சொன்னது.
நான்கு வருசம் நான் எக்கோ ரூமில்
பிறர் இதயங்களின் நிழல் பார்த்தேன்.
ஐந்து மாதம் வரை வயிற்றை மறைத்தேன்.
அந்தக் குரல் எனக்குள்ளேயே
வாடகை தராமல் குடியிருந்திருக்கிறது.

விழுங்கினேன். கசந்தது.

"உள்ள நிக்கணுமா, வெளிய இருக்கணுமா,
நீ சொல்லு. ஷிப்ட் நான் மாத்தறேன்.
எது சொன்னாலும் உன் கேஸ் எண்ணிக்கை குறையாது."

அவள் உடனே பதில் சொல்லவில்லை.
கையிலிருந்த உறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வார்டில் தேசம்மா விழித்திருந்தாள்.
"எம்மேல மீன் வாட அடிக்குதா டாக்டரு?"
அடித்தது.
இல்லை என்றேன்.

கோப்பில் நான்கை அடித்து
ஐந்து என்று எழுதினேன்.
பக்கத்தில், பேனா அழுத்தி:
ஒன்று, வயிறு வளர இடம் விட்டு.

பூபாலன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இரண்டு முறை படித்தார்.
"ஆடிட்ல கேப்பாங்க மேடம்."
"கேக்கட்டும்."

கோப்பு மேலே போயிருக்கிறது.
துறைமுகப் பக்கம் கப்பல் ஊதுகிறது.
இன்றிரவு அழைப்பு வந்தால்
பழைய அங்கிதான்,
நாடா இரண்டு சுற்று.