சாய்கிறவள்

எண்ணூர் நெடுஞ்சாலை. மணி மூன்று.
ஐந்து மீன்பாடி வண்டிகள், பிரேக் பேருக்கு.
எங்களுடையதில் செத்துப்போன ராஜ்தூத்தின் எஞ்சின்.
ஓட்டுவது தேசப்பன்.
திருப்பத்தில் உடம்பை வெளியே தொங்கவிடுவது நான்,
எழுபத்திரண்டு கிலோ.
அதுக்குத்தான் கூப்பிட்டேன் என்று
வெட்கமில்லாமல் சொல்லியிருந்தான்.

கன்டெய்னர் லாரி வரிசை முடிகிற இடம்.
“சாய்டீ புளோரா!”
சாய்ந்தேன்.
காதுக்குக் கீழே தார் ஓடியது.
என் பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பி
யாருக்கோ விசிறுவதுபோலச் சும்மா சுற்றியது,
பிறகு என் எடைக்குப் பணிந்து
தொப்பென்று இறங்கியது.

ஜெயிக்கவில்லை. லூர்துவுக்கு அரை வண்டி பின்னால்.
அவனும் பணத்தை எண்ணவில்லை;
அதற்குள் நீல விளக்கு.

ஐந்து வண்டியும் உறுமலை விழுங்கிக்கொண்டு
காசிமேடு பக்கம் திரும்பி
ஐஸ் ஏற்ற ஆரம்பித்தன.
“என்னம்மா, மீனா?”
“இனிமேதான் சார்.”

சிராய்த்த முழங்கையை மட்டும்
ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தேன்.