ஆறாம் மேசையின் கணக்கு

முதலாளி பத்மசீலன் போர்டில் ஒரு பேய் கீறச் சொன்னார்.
வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான்,
கடற்படைத் தொப்பி.
கீறினவன் கிண்ணியாப் பெடியன்.
முகத்துக்கு வந்தபோது பெயின்ட் முடிந்துவிட்டது.
அதுவும் நல்லதுக்குத்தான் என்றார் முதலாளி.

டொக்யார்ட் வீதியில் எங்கள் கடை
வெள்ளைக்காரன் காலத்தில் கன்டீன்.
நிலாவெளியில் குளித்து முதுகு சிவந்து வருகிறவர்கள்
நண்டுக் கறிக்கும் பேய்க்கும் சேர்த்தே காசு கொடுக்கிறார்கள்.
பத்து மணிக்கு ஹில்மி மெயின் சுவிட்சை அமத்துவான்.
குசினிக்குள் அவன் தம்பி ஒரு கரண்டியை விழுத்துவான்.
அவ்வளவுதான் பேய்.
பில்லில் அதைச் சேவைக் கட்டணம் என்று எழுதுகிறவள் நான்.

பிறகு, புகை போக ஃபேன் பூட்டவென்று
குசினிச் சுவரை உடைத்தார்கள்.
கல்லுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் தகரம்.
தகரத்துக்குள் கடன் கொப்பி.
உப்பு தின்ற தாள், சாய்ந்த எழுத்து:

அந்திரேஸ், பிளேன்டீ இரண்டு, ஆறு சதம்.
குஞ்ஞம்பு மலையாளத்தான், பாணும் சம்பலும்.
காசிம்பாவா, சுருட்டு, நாளைக்குத் தருவதாக.
முத்தன், கரி ஏற்றுகிறவன், முழுச் சாப்பாடு.

ஏப்ரல் எட்டு வரைக்கும் இப்படி.
ஒன்பதுக்குத் திகதி போட்டிருக்கிறது,
கீழே ஒன்றுமில்லை.

ஒன்பதாம் திகதி யப்பான் பிளேன் வந்தது ஊருக்கே தெரியும்.
சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த கதை
பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும்.
உப்புவெளி மயானத்தில் வெள்ளைக் கல் வரிசை வரிசையாக.
புல் வெட்டுகிறார்கள், பூவுக்குத் தண்ணி விடுகிறார்கள்.
கொப்பியோடு போய் ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினேன்.
அந்திரேஸ் இல்லை. காசிம்பாவா இல்லை.
கல்லில் ஏற ஏதாவதொரு பதிவு வேண்டுமாம்.
இவர்கள் பதிந்திருந்தது கடையில்,
கடனுக்கு.

அந்தக் கிழமையே வரத் தொடங்கினார்கள்.
கதவு அடிக்கவில்லை, விளக்கு அணையவில்லை.
விடியப்புறம் கடை திறந்தால்
மேசைகளில் ஈர வட்டம், கிளாஸ் வைத்தெடுத்த அளவில்.
நிலக்கரி வாசம்.
ஒருநாள் கல்லாப்பெட்டிக்குள்
ராசா தலை போட்ட செப்புச் சதம் மூன்று.
அந்திரேசின் கணக்கில் கழித்துக்கொண்டேன்.

முதலாளியிடம் சொன்னேன்.
பல்லுக் குத்திக்கொண்டே யோசித்தார்.
“கூலிக்காரப் பேயைப் பார்க்க
ஆர் பிள்ளை பிளேன் ஏறி வருவான்?”

ஆறாம் மேசையைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.
வெளி விறாந்தையில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது அது.
அங்கே ஈரம் இராது, மணல் இருக்கும்.
கதிரை நாலும் பின்னுக்கு இழுத்தபடி,
அவசரமாக எழும்பினமாதிரி.
இவர்கள் கொப்பியில் இல்லை.
இவர்கள் எழும்பிப் போன வருஷம்
ஹில்மிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அந்தக் கதை வந்தால்
அவன் கொத்துத் தகட்டை இன்னும் பலமாக அடிப்பான்,
நான் பில் புத்தகத்தைக் குனிந்து பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமைகளில்
பத்திரகாளி கோயில் திருநீறோடு ஒரு அம்மா வருவா.
மூன்றாம் மேசையில் இருந்து
ஆறாம் மேசையைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பா.
காசு வேண்டாம் என்பேன்.
வைத்துவிட்டுத்தான் போவா,
ஐந்து கிளாசுக்கு.

நேற்றுச் சாமம் மான்கள் வந்தன.
வாழையிலை மென்றபடி
விறாந்தை நீளத்துக்கும் மேசைகளுக்குள்ளால் நடந்து
ஆறாவது வந்ததும்
விலத்திப் போயின,
ஆட்கள் இருக்கிற இடத்தை விலத்துவதுபோல.

கொப்பியை எடுத்தேன்.
ஒன்பதாம் திகதிக்குக் கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே, பெயர் எழுதாமல்,
கொத்துரொட்டி ஒன்று, பிளேன்டீ நாலு.
செலுத்தியவர் யார் என்ற இடத்தில்
பேனை நின்றுவிட்டது.

ஹில்மி மெயின் சுவிட்சை அமத்தினான்.
தம்பி இன்றைக்கு லீவு.
இரண்டு பேரும் இருட்டில் நின்று கேட்டோம்.
கரண்டி விழவில்லை.
ஆரோ மெதுவாக
கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள்.