ஒலி எழுப்பாதீர்

முதலில் வாந்தி.
ஆசீருக்கு மூன்றாவது வளைவிலேயே வந்துவிடும்.
மாஞ்சோலைக்கு எத்தனை வளைவு என்று
விசாரித்த நாலு பேரும் நாலு கணக்குச் சொன்னார்கள்.
பாலிதீன் கவர் பத்து, என்று எழுதினேன்.
"செக்போஸ்ட்ல பிளாஸ்டிக் விட மாட்டாவ"
ஜெமிலா அடித்துவிட்டாள்.
அப்புறம் எதில்தான் எடுப்பான் பிள்ளை?
அலமாரி மேலே
கருப்பட்டி மிட்டாய் வந்த ஓலைப்பெட்டி இரண்டு கிடந்தன.
வாழைச் சருகு விரித்தால் தாங்கும்.
"அதுல மாட்டேன்" என்கிறான்.
"மிட்டாய் வாசம் அடிக்கும்."

அட்டைப்பூச்சிக்கு உப்பு, பழைய காலுறை.
எலுமிச்சம்பழம். சோறு தூக்குவாளியில்,
மந்தி கண்ணில் படாமல் திறக்கணும்.
பெட்ரோல் கல்லிடைக்குறிச்சியிலேயே.
மேலே சிக்னல் இருக்காது என்று எழுதி
பக்கத்தில் ஒரு அழுமூஞ்சி வரைந்தாள் ஜெமிலா.

மழை விட்ட காலையில்
மொட்டை மாடிக் கொடியில் துணி போடும்போது
மேற்கே தெரியும் மலை,
யாரோ பிழிந்து விரித்த நீலச் சேலை மாதிரி.
பதினாறு வருஷமாகக் கொடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.
கிளிப் மாட்டிவிட்டு இறங்கிவிடுவேன்.

விண்ணப்பத்தில் வண்டியின் நிறம் கேட்டிருந்தார்கள்.
வெள்ளை.
ஓட்டுகிற பக்கத்துக் கதவு மட்டும் வேறு வெள்ளை.
போன ஆவணியில், கங்கைகொண்டான் பக்கம்
லாரியோடு போன கதவுக்கு மாற்று.
"ரெண்டு மழை பட்டா ஒண்ணாயிரும்க்கா" என்றான் மெக்கானிக்.
எத்தனையோ மழை பட்டாயிற்று.

அடுத்த கட்டம்: ஓட்டுநர் பெயர்.

பெரிய காயம் ஒன்றும் இல்லை.
அவர் முழங்கையில் நாலு தையல், அவ்வளவுதான்.
ஆனால் தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டால்
கையில் இருக்கிற டம்ளரை
மெல்லக் கீழே வைப்பார்,
அது உடைந்துவிடும் என்பது போல.
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்த சாவியை
அவர் எடுக்கவே இல்லை.
நான் எடுத்தேன். லைசென்ஸும் எடுத்தேன்.
இதுவரை ஓட்டிய தூரம் உழவர் சந்தை வரைக்கும்,
ஒரு முறை, ஆசீருக்குக் காய்ச்சல் என்று,
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.

"நீங்க போயிட்டு வாங்க."
மூன்று நாளாக ஒரே குரலில் சொல்கிறார்,
ஒலியைக் குறைத்த டிவியைப் பார்த்தபடி.

ஆசீர் கேட்டான்:
"புலி ரோட்டுல படுத்திருந்தா ஹாரன் அடிக்கலாமா?"
"அடிக்கக் கூடாதுலே. போர்டே வச்சிருப்பாவ."
"பஸ்ஸு?"
"பஸ்ஸும்தான்."
"லாரி?"
"எல்லாந்தாம்லே."
"அப்ப புலி எந்திரிக்கிற வரைக்கும்?"
"சும்மா நிக்கணும்."

"மேல முழுக்கவா?"

கேள்வி டிவி பக்கமிருந்து வந்தது.
யாரும் உடனே பதில் சொல்லவில்லை.
ஜெமிலா என்னைப் பார்த்தாள்,
நான் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.
"மேல முழுக்கத்தாம்ப்பா" என்றான் ஆசீர்,
அவனே போர்டு நட்டு வைத்தவன் மாதிரி.

எழுந்து வந்தார்.
பட்டியலை மேலிருந்து கீழே படித்தார்,
ஓலைப்பெட்டியில் கொஞ்ச நேரம் நின்றார்.
புறப்பாடு ஆறு மணி என்றிருந்ததை அடித்து
நாலு என்று எழுதினார்.
முதல் பஸ் கிளம்பும் முன்னால்
சேரன்மகாதேவியைத் தாண்டிவிடலாமாம்.
"செக்போஸ்ட் எட்டு மணிக்குத்தான் தொறப்பாவ.
ரெண்டு பிள்ளையளையும் வச்சுக்கிட்டு
அணைக்கரையில அத்தன நேரம் என்ன செய்ய?"

"சும்மா நிப்போம்" என்றார்.

ஓட்டுநர் கட்டத்தில் என் பெயரை
எழுத்துக் கூட்டி எழுதினேன், பிழையில்லாமல்.
உடன் வருவோர்:
ஜெமிலா, பதிமூன்று. ஆசீர், ஏழு.
மூன்றாவது வரியில்
ஞானசிங், நாற்பத்து நாலு.

ஆசீர் நாற்காலியை இழுத்துப் போட்டு
அலமாரி மேலே துழாவிக்கொண்டிருக்கிறான்.
அப்பாவுக்கும் ஒரு பெட்டி வேணுமாம்.