ஐம்பது பாகம் தள்ளி

இஞ்சினை நிப்பாட்டிப்போட்டன்.
இனி ஒருத்தரும் எழும்பி நிக்கவேண்டாம்.
பேர்ணில இருந்து வந்த அண்ணை,
அந்தக் கிறீமைப் பூசவேண்டாம் எண்டு
இரணைமாதாநகர் துறையிலயே சொன்னனான்.
முழங்கை மட்டும் மினுங்குது.
நீங்கள் படகில இருங்கோ,
அக்காவும் மகளும் இறங்கட்டும்.

நங்கூரம் போடமாட்டன், புல்லுப் பிடுங்குப்படும்.
ஆழம் ஒரு பாகத்துக்குக் கொஞ்சம் கூட.
காலை ஊண்டாதேங்கோ.
கீழ பச்சையாத் தெரியிறது சாதாளை,
ஆவுளியாவின்ர சாப்பாடு.
அது வந்தால் வரட்டும், நீங்கள் போகேலாது.
ஐம்பது பாகம். என்ர படகில இதுதான் சட்டம்.
அளக்கத் தெரியாட்டி
இந்தக் கயித்தைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ.
கயிறு முடியிற இடத்தில
உங்கட சுற்றுலாவும் முடியும்.

அண்ணை பணப்பையைத் திறந்தார்.
"கிட்டப் போனால் இன்னும் பத்தாயிரம்.
பிள்ளை ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டும்."

பத்தாயிரம் என்பது
ஒரு கிழமைச் சாமானும் கரண்ட் பில்லும்.
அட்டைப் பண்ணையில் காவலிருக்கும் மரியநேசனுக்கு
ஐந்து இரவுத் தூக்கம்.
கணக்குப் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
இரண்டு தரம் பார்த்தேன்.

என் முதல் நன்மைக்கு
சாக்கால் மூடி இறைச்சி வந்தது.
மாடு என்றார்கள்.
மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.
அது மாடில்லை என்று தெரிந்தபிறகும்
ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.
பொய் சொல்லி என்ன.

பிறகொரு காலம், முகாம்.
முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்
வெள்ளை வாகனங்கள் வந்து நிற்கும்.
ஒருநாள் ஒரு பெண் கையை உள்ளே விட்டு
தம்பியின் கன்னத்தைத் தடவினாள்.
அன்பாகத்தான்.
பக்கத்தில் நின்றவர் படம் எடுத்தார்.
அன்றைக்கு முழுக்க
தம்பி கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தான்,
கஞ்சிக்கும் வரவில்லை.

இதை அண்ணைக்குச் சொல்லவில்லை.
சொன்னால் இன்னும் கூடக் காசு தருவார்.

"ஏலாது" என்றேன்.
அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு
இரணைதீவுக் கோயிலைப் படம் பிடித்தார்.

அரை மணித்தியாலம்.
காற்றில்லை. படகு தன்பாட்டில் கொஞ்சம் திரும்பியது.
ஓர் ஆமை தலையை நீட்டி
எல்லோரையும் ஒருமுறை பார்த்து
மூச்சு விட்டுவிட்டு
பிடிக்காத வீட்டில் தேத்தண்ணி குடித்த மாதிரி
உடனே இறங்கிப் போனது.
அக்கா சிரித்ததில் உப்புத்தண்ணி குடித்துவிட்டார்.

மகள் மட்டும் சிரிக்கவில்லை.
ஆரணி. பதினொரு வயது.
முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி
கயிற்றின் கடைசி முடிச்சில் கிடந்தாள்.
நிமிர்ந்து, அவளுடைய தமிழில்,
"கீழ ஒரு ரோட் இருக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன்.
சாதாளைக்கு நடுவே
ஒரு சாண் அகலத்தில் வெறும் மணல்,
வளைந்து, நின்று, மறுபடி வளைந்து.
வேரோடு மேய்ந்த தடம்.
பிடுங்கிய துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன.
கலங்கிய சேறு இன்னும் அடங்கவில்லை.

அப்படியென்றால்
நாங்கள் வரும்போது அது இங்கேதான் நின்றிருக்கிறது.
வாய் நிறையப் புல்லோடு.
கிறீம் இல்லை, பணப்பை இல்லை,
என் இஞ்சின்தான் அதை எழுப்பியிருக்கிறது.
ஐம்பது பாகமாம். சட்டமாம்.
யாரைக் கேட்டு அளந்தேன்?

"அது எங்க போட்டுது?" என்றாள் ஆரணி.
"சாப்பாட்டில இருந்து எழும்பிப் போட்டுது."
"எங்களாலயா?"
"என்னால."

அவள் கயிற்றைப் பிடித்துத் தானாகவே
படகுக்குத் திரும்பி வந்தாள்,
காலை உதைக்காமல்,
தண்ணீரில் ஒரு சத்தம் எழாமல்.

நான் மரக்கோலை எடுத்தேன்.
புல்லில்லாத மணலாகப் பார்த்துப் பார்த்து
ஊன்றித் தள்ளினேன்.
கரைக்கு இப்படிப் போனால் மத்தியானமாகும்.

"என்ன, இஞ்சின் பழுதோ?" என்றார் அண்ணை.

ஓம் அண்ணை, என்றேன்.
பழுதுதான்.